திறவாச் சிப்பி

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலமிடுவர்; முத்துளதோ இலதோ, வாங்கினோன் பேறு. 1961ஆம் ஆண்டோடு அக்குளிப்பு ஓய்ந்தது. எனினும் அத்தகைய வணிகமொன்றை மாப்பிள்ளையூரணியில் எம் இல்லத்தே கண்டோம்.

போலந்து நாட்டில் இயற்றப்பெற்ற ‘சைபர்பங்க் 2077’ என்னும் வீடியோ விளையாட்டு, வெளிவருமுன்னரே 80 இலட்சம் படிகள் விலைபோயிற்று. அவற்றுள் ஒன்று, உப்பளக் கூலியில் எம் தமையனார் மிச்சம் பிடித்து வாங்கியது. பெருநகர் முழுதும் மனம்போனவாறு திரியலாமென்று நம்பி, 2020 திசம்பர் 10ஆம் நாள் அமர்ந்தோம். எம் பழைய கருவியிலோ ஊர்தியொன்று வானில் தொங்கிற்று. நடுவே ஆட்டமும் அவிந்தது. (வயிறு குலுங்க நகைத்தோம் என்பதை மறைப்பானேன்?)

அத்திங்களிலேயே சோனி நிறுவனம் அதனைத் தன் கடையினின்று நீக்கி, விலையைத் திருப்பியளிக்க முன்வந்தது. “வாங்கிக்கொள்ளப்பா” என்றார் தந்தையார். “திறந்த சிப்பியைத் திருப்புவதா?” என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

2023 செப்டம்பரில் வந்த பெருந்திருத்தம் பழைய கருவிகட்கு உரியதன்று. அண்ணனோ இப்போது கப்பலில் வேலை பார்க்கின்றார். சென்ற வாரம் பேசியபோது, அவ்வூர்தி இன்னும் வானிலேயே தொங்குகின்றதா என்று வினவினார்.