அச்சில் மேடு, மீனில் பள்ளம்

ஈயத்தில் வார்த்த ஜிக் தலையைப் பார்த்திருப்பீர்கள். தூண்டில் முள்ளின் கழுத்தில் குட்டி மீன் தலை மாதிரி ஒரு குண்டு. தண்ணீரில் விட்டால் அடிக்குப் போகும், நரம்பைச் சுண்டினால் துள்ளும், அதைப் பார்த்துப் பெரிய மீன் ஏமாறும். கடையில் ஒன்று ஒன்றாக வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் ஒரு அலுமினிய அச்சு வாங்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் விலை குறைந்த அச்சுகளில் ஒரு குறை உண்டு. வருவது குருட்டு மீன். கண் ஒட்டுவதற்குக் குழி இருக்காது. வழவழப்பான கன்னத்தில் ஸ்டிக்கர் கண்ணை ஒட்டினால் நாலு தடவை கல்லில் உரசியதும் உதிர்ந்துவிடும்.

சரி, அச்சிலேயே கண்குழி வரும்படி செய்துவிட்டால்? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள். டிரில்லிங் மெஷினில் உருண்டை முனை கட்டரை மாட்டி, அச்சின் உள்ளே கண் இருக்கவேண்டிய இடத்தில் அழகாக ஒரு பள்ளம் போட்டுவிடுவார்கள். வார்த்துப் பார்த்தால் தவளைக்கு இருப்பதுபோல முழி பிதுங்கிக்கொண்டு நிற்கும். அச்சு என்பது எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லும் சாமான். அதில் பள்ளம் வெட்டினால் மீனில் மேடு. மீனில் பள்ளம் வேண்டும் என்றால் அச்சில் மேடு வேண்டும். உலோகத்தைச் செதுக்கி எடுப்பது யாருக்கும் எளிது. எடுத்த இடத்தில் மறுபடி வைப்பதுதான் வேலை.

இந்த வேலைக்கு மணலி புதுநகரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். மணலி தொழிற்பேட்டையை ஒட்டி சி.எம்.டி.ஏ. உருவாக்கிய ஊர் அது. ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், அவற்றை நம்பிய லேத் பட்டறைகளும். இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு, அது போய்ச் சேரும் எண்ணூர்க் கழிமுகம். அங்கே காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்களின் பிழைப்பு வலைதான். ஜிக் வீசுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள். ஆனால் ஈயம் வார்ப்பது கடற்கரைக்குப் புதிதல்ல. வீச்சுவலையின் ஓரத்தில் கோர்க்கும் மணிகளும் ஈயம்தானே. தெற்கே கன்னியாகுமரி, விழிஞ்ஞம் பக்கம் போனால் கணவாய் பிடிக்கக் கையாலேயே ஜிக் போடும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, சோறு.

கண் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேட்டையாடும் பல மீன்கள் இரையின் தலையைக் குறிவைத்தே பாய்கின்றன. கண்ணை வைத்துத்தான் தலை எந்தப் பக்கம் என்று தெரிகிறது. இதை இயற்கையே ஒத்துக்கொண்டதுபோல, வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவற்றுக்கு வால் பக்கத்தில் ஒரு பொய்க்கண் உண்டு. நிஜக் கண்ணைக் கருப்புப் பட்டையில் மறைத்துக்கொண்டு, பொய்க்கண்ணைக் காட்டி எதிரியைத் திசைதிருப்பும். ஜப்பான்காரர்கள் கணவாய்க்கென்றே செய்யும் எகி என்ற பொய் இறாலுக்கும் பெரிய கண் வைக்கிறார்கள். அதே சமயம் மழைக்காலத்தில் கலங்கிய கழிமுகத் தண்ணீரில் கொடுவாவுக்குக் கண் எங்கே தெரியப்போகிறது! அங்கே அதிர்வும் அசைவும்தான் பேசும். தெளிந்த தண்ணீருக்குக் கண் பயன்படும், கலங்கலுக்குப் பெரும்பாலும் அது வாங்குகிறவரின் மனத் திருப்திக்கு. விற்பதற்கு வார்க்கிறவருக்கு இரண்டுமே காசுதான் :)

பத்து இருபது தலைதான் வேண்டும் என்றால் அச்சைத் தொடவே வேண்டாம். வார்த்த தலையிலேயே டிரில் பிட்டால் ஒவ்வொன்றாகக் குழி போட்டுவிடலாம், ஈயம் வெண்ணெய் மாதிரி வழிவிடும். நூற்றுக்கணக்கில் என்று வந்தால்தான் அச்சை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போது கேள்வி ஒன்றே ஒன்று. அந்த மேட்டை எப்படி வைப்பது?

வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்துச் செதுக்கலாம் என்று தோன்றும். சின்ன அச்சு அந்தச் சூட்டில் கோணிக்கொள்ளும், பிறகு இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாது. நல்ல வழி, அச்சின் சுவரில் துளை போட்டு, வெளியிலிருந்து ஒரு எஃகுக் குச்சியைச் செருகி, அதன் நுனி உள்ளே ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும்படி விடுவது.

முதலில் பழைய அச்சிலேயே ஒரு தலை வார்த்து, அதில் கண் எங்கே வரவேண்டும் என்று பார்த்து, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம்வரை நேராக ஒரு மெல்லிய துளை போடவேண்டும். அந்தத் தலையை அச்சின் ஒரு பாதியில் உட்காரவைத்து, அதே துளை வழியாக டிரில்லை இறக்கினால் சரியான இடத்தில் துளை விழுந்துவிடும். பிறகு தலையை எடுத்துவிட்டு, அச்சை மூடி இறுக்கி, இந்தப் பாதியின் துளை வழியாகவே மறுபாதிக்கும் இறக்கவேண்டும். இரண்டு பாதியையும் தனித்தனியாக அளந்து போட்டால் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று ஒன்றரைக் கண் மீன் வரும். ஈயத்தலையே வழிகாட்டியாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

துளையை வேண்டிய அளவுக்கு விரித்தபின் குச்சி. ஒட்டப்போகும் கண் 5 மி.மீ. என்றால் குச்சி அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் பெயின்ட் குழிக்குள்ளும் போய் உட்கார்ந்து இடத்தைத் தின்னும். நுனி மயிரிழை அளவாவது ஒடுங்கியிருக்க வேண்டும். ஈயம் ஆறும்போது சுருங்கிக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும், ஒடுக்கம் இருந்தால்தான் விடும். குச்சி நிற்கும் திசையும் அச்சு திறக்கும் திசையும் ஒன்றாகவே இருக்கவேண்டும். கண் கொஞ்சம் மேல்நோக்கிப் பார்த்தால் அழகு என்று சாய்த்து வைத்தால் அச்சு திறக்காது, அவ்வளவுதான்.

குச்சியை அடித்து இறுக்கிவிட்டால் போதும் என்பது இன்னொரு தவறான நினைப்பு. சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிரில் இறுக்கமாக இருந்த துளை, வார்க்கும் சூட்டில் தளர்ந்து குச்சியை விட்டுவிடும். அதனால் குச்சியின் பின்பக்கம் தடித்த தலை வைத்து, வெளித்துளையில் மரை போட்டு, ஒரு கிரப் ஸ்க்ரூவால் முட்டுக் கொடுக்கவேண்டும். பித்தளைக் குச்சி வேண்டாம். கலப்பு ஈயத்தில் வெள்ளீயம் இருந்தால் சால்டர் வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்குக் கடைசியில் உளியால் கண் திறக்கிறார்கள். மண் அச்சு ஒரு சிலையோடு உடைந்துபோகும், ஒவ்வொரு சிலைக்கும் கண் தனியாக. இங்கே முதலிலேயே முடிவாகிவிடுகிறது. வைத்த இடம் தப்பென்றால் வார்க்கிற தலை எல்லாவற்றிலும் அதே தப்பு.

எடையும் மாறும். 5 மி.மீ. அகலம், 1 மி.மீ. உயரமுள்ள ஒரு குமிழ் சுமார் 0.22 கிராம் ஈயத்தின் இடத்தைப் பிடிக்கும். இரண்டு கண்ணுக்கு 0.45 கிராம். 10 கிராம் தலை என்று விற்கிறவர் இதைக் கணக்கில் வைக்கவேண்டும்.

இவ்வளவும் தொழில் நுணுக்கம். பயப்படவேண்டிய விஷயம் வேறு, அது சட்டியில் இருக்கிறது. ஈயம் உருகுவது 327 டிகிரியில், கேஸ் அடுப்பே போதும். அதனால்தான் ஆபத்து, சமையலறையிலேயே செய்துவிடத் தோன்றும். அந்தச் சூட்டில் ஆவியைவிட மோசம், மேலே மிதக்கும் கசடு. வழித்து எடுக்கும்போது பொடியாகிக் கை, சட்டை, தரை என்று படியும். குழி தோண்டிய துருவலும் அப்படியே. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது சுமார் 80 கோடிப் பேரின், ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்குமேல் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் சொன்னது. மூச்சுமுட்டும் சின்ன மனை வீடுகளில் பட்டறை வேறு, படுக்கை வேறு என்று பிரிக்க இடம் ஏது? பிரிக்க முடியாதென்றால் வார்க்காமல் இருப்பதே மேல். மீன் இல்லாவிட்டால் ரசம் வைத்துக்கொள்ளலாம்.

புதுநகருக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. 2015-லும் 2021-லும் வெள்ளம் புகுந்த ஊர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து ஆற்றிலும் கழிமுகத்திலும் படர்ந்தது. தண்ணீரில் ஊறிய ஈயக்கட்டியை அப்படியே உருகிய ஈயத்தில் போட்டால், ஈரம் நொடியில் நீராவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். அச்சும் அப்படித்தான், குச்சி செருகிய துளை இடுக்கில் ஒரு சொட்டு தங்கினாலும் போதும். முதலில் வெயிலில், பிறகு அடுப்பருகே நன்றாகக் காயவைக்கவேண்டும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் யோசனை வந்தால் அதை உடனே மறந்துவிடுவது நல்லது. அமிலமும் ஆர்சனிக்கும் இலவசமாகக் கூட வரும்.

இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் ஈயக்குண்டுகளை விழுங்கிச் செத்ததால் சிறிய ஈய எடைகளுக்கு 1987-லேயே தடை வந்தது. மாற்றாக வெள்ளீயம் இருக்கிறது, 232 டிகிரியிலேயே உருகும், இதே அச்சில் ஊற்றலாம். ஆனால் 10 கிராம் ஈயத்தலையின் அச்சில் அது 6.4 கிராம்தான் வரும், விலையும் பல மடங்கு. ஆழம் குறைந்த கழிமுகத்துக்கு அந்த எடையே தாராளம். வீட்டில் குழந்தை இருப்பவர் கணக்குப் போடும்போது அந்தக் கூடுதல் காசையும் அச்சு விலையோடு சேர்த்தே போட்டுக்கொள்ளட்டும்.