பாந்தளும் தாமிரப் பட்டணமும்

மாயமும் மந்திரமும், நெருப்புக் கக்கும் நாகங்களும், உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் நெடும்பயணங்களும் நிறைந்த கதைப் புத்தகங்கள் நம் இல்லங்களுக்குள் வரலாமா என்னும் வினா, முஸ்லிம் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழுகின்றது. ஆங்கிலத்தில் 1997-இல் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசை தமிழிலும் பெயர்க்கப்பட்டு விட்டது. பிள்ளைகள் அத்தகைய நூல்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படிக்கின்றனர். பெற்றோரின் கவலைகள் இரண்டு. ஈமானுக்கு ஊறு நேருமோ என்பது ஒன்று. பள்ளிப் பாடம் கெடுமோ என்பது மற்றொன்று. இரண்டுமே எள்ளி நகையாடத் தக்கவை அல்ல. ஆயினும், இவ்வினாவுக்குரிய விடை நம் முன்னோரின் பழைய பெட்டிகளுக்குள்ளேயே கிடக்கின்றது என்பது என் எண்ணம். அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் யான். நகரியத்தை ஒட்டியே இன்றும் குடியிருக்கின்றேன். வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு, நூல் பிடித்தாற்போன்ற சாலைகளும் அவற்றின் இருமருங்கிலும் நிழல் மரங்களுமாக அமைந்த ஊர் இது. பல ஊர்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் கூடி வாழும் இடமாதலின், பாட்டியின் மடியில் தலைவைத்துக் கதை கேட்கும் பேறு இங்குள்ள பிள்ளைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அக்குறையைப் புத்தகங்களே ஓரளவு தீர்த்து வந்தன. 1998-இல் இங்கே தொடங்கிய புத்தகக் கண்காட்சி, எத்தனையோ வீடுகளில் முதல் அலமாரி நிறைவதற்குக் காரணமாயிற்று.

என்னோடு பணியாற்றிய இளையவர் ஒருவர், ஒருநாள் மகரிப் தொழுகைக்குப் பின் தம் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் கையில் தடித்த ஆங்கில நூல் ஒன்று இருந்தது. டோல்கீன் என்பார் 1937-இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ என்னும் கதை அது.

“அண்ணே, பிள்ளை இதை வைத்துக்கொண்டு தூங்க மாட்டேன் என்கிறாள். மந்திரவாதி, நாகம், புதையல் என்று ஏதேதோ இருக்கிறது. இது நமக்கு ஆகுமான புத்தகம்தானா? நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

யான் அவளிடமே கதையைக் கேட்டேன். சற்றே தயங்கினாள், பின்பு சொன்னாள்:

“ஒரு மலைக்குள்ளே நாகம் ஒன்று பொன்குவியல் மேல் படுத்திருக்கிறது, பெரியத்தா. புதையலை மீட்க ஒரு கூட்டம் போகிறது. நாகம் செத்தவுடன் கதை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது செத்த பிறகுதான் சண்டையே வருகிறது. நல்லவர்களாக இருந்தவர்களே பொன்னைப் பார்த்ததும் மாறிவிடுகிறார்கள்.”

தந்தையார் மகளின் முகத்தை நோக்கினார். இப்படியொரு சொல்லை அவளிடமிருந்து அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

அன்று அவருக்கு யான் கூறியவற்றையே இங்கு விரித்து எழுதுகின்றேன்.

முதலாவது, ஸிஹ்ர் எனப்படும் சூனியம் பெரும்பாவங்களுள் ஒன்று என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதனைக் கற்பதும், நம்புவதும், பிறர்மேல் ஏவுவதும் விலக்கப்பட்டவை. ஆனால், மாயத்தைப் பற்றிப் பேசுவது மாயம் செய்வதாகாது. ஃபிர்அவ்னுடைய சூனியக்காரர்கள் மூஸா (அலை) அவர்களின் முன் தோற்றுப் பணிந்த வரலாற்றைத் திருமறையே நமக்கு எடுத்துரைக்கின்றது. சுலைமான் (அலை) அவர்களுக்காக உருக்கிய செம்பு ஊற்றாக ஓடியதையும், ஜின்கள் அவர்களுக்குப் பணிசெய்ததையும் ஸபா அத்தியாயம் கூறுகின்றது. திருமறையின் வரலாறுகள் கதைகள் அல்ல, அவை உண்மைகள். எனினும், கண்ணுக்குப் புலப்படாத உலகம் ஒன்று உண்டென்பதும், ஆற்றல் எவ்வளவு பெரிதாயினும் அதனை அளித்தவனுக்குக் கட்டுப்பட்டதே என்பதும் அவற்றைக் கேட்டு வளரும் பிள்ளைக்குப் புதியன அல்ல.

இரண்டாவது, வழிமறிக்கும் நாகம் ஆங்கில நூல்களோடு இங்கு வந்திறங்கிய அந்நியச் சரக்கு அன்று. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தைப் புரட்டிப் பாருங்கள். அதன் விலாதத்துக் காண்டத்தில், ஷாம் நாட்டை நோக்கிச் செல்லும் வணிகக் கூட்டத்தின் பாலைவழிப் பயணம் பாடப்படுகின்றது. அங்கே ‘பாந்தள் வதைப் படலம்’ என்றே ஒரு படலம் உண்டு. பாந்தள் என்பது பெரும்பாம்பு. அதனை அடுத்து நதி கடப்பதும், புலி வாய்திறந்து பேசுவதும் வருகின்றன. தமிழ்க் காவிய மரபில் தோய்ந்த புலவர், அம்மரபுக்குரிய வியப்புகளைத் தம் காவியத்திலும் அமைத்தார். அவரை முதலில் ஆதரித்தவர் வள்ளல் சீதக்காதி. பின்னர்க் காவியப் பணிக்குத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அந்தப் பரங்கிப்பேட்டை எங்கள் கடலூர் மாவட்டத்துக் கடற்கரையில்தான் உள்ளது. இன்று நெய்வேலிப் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கும் நாகத்தின் உறவினம், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்பக்கத்துப் பெருவணிகர் ஒருவரின் ஆதரவில் தமிழ் விருத்தத்தில் உலவிற்று.

மூன்றாவது, தாமிரப் பட்டணம். கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா, முனாஜாத்து எனப் புதிய இலக்கிய வகைகளைத் தமிழுக்கு வழங்கிய சமுதாயம் நம்முடையது. வினாக்களுக்கு விடை சொல்பவனையே மணப்பேன் என்னும் இளவரசியையும், அவளை அறிவால் வெல்லும் அரசகுமாரனையும் நூறு மசலாவில் நம் பாட்டியர் கேட்டு மகிழ்ந்தனர். அவ்வழியில் வந்ததே, கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்படும் இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் தந்த ‘தாமிரப் பட்டணம்’. அது வெளிவந்த ஆண்டு 1858. தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல்தான் அச்சேறிற்று. ஆகவே அப்பெருமை தாமிரப் பட்டணத்துக்கே உரியது என வாதிடுவோரும் உளர். மார்க்கச் சட்டநூல் எழுதிய ஓர் ஆலிம், மாயமும் சாகசமும் நிறைந்த கதையொன்றையும் தம் மக்களுக்குத் தரத் தகுந்ததெனக் கருதினார் என்பதே நமக்கு இங்கு முக்கியம்.

தாமிரப் பட்டணத்தின் கதை ஆயிரத்தொரு இரவுகளிலும் உண்டு. அங்கு அது சொல்லப்படும் முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

திமிஷ்கில் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஆட்சி புரிகின்றார். சுலைமான் (அலை) அவர்கள் கட்டளை மீறிய ஜின்களைச் செம்புக் குடங்களில் அடைத்து முத்திரையிட்டுக் கடலில் எறிந்தார்கள் என்னும் செய்தி அவையில் பேசப்படுகின்றது. அக்குடங்களைக் காணும் ஆவல் கலீஃபாவுக்கு உண்டாகின்றது. மேற்கு நாட்டு ஆளுநர் மூஸா பின் நுஸைர், முதியவர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு புறப்படுகின்றார். தாலிப் என்பவனும் உடன் செல்கின்றான். பாலையில் செம்புக் குதிரைவீரன் ஒருவனின் சிலை சுழன்று திசை காட்டுகின்றது. தூண் ஒன்றில் பாதியுடல் சிறைப்பட்ட ஜின் தன் பழங்கதையைச் சொல்லி அழுகின்றது. இறுதியில் வானளாவிய மதிலுடைய பட்டணம் தோன்றுகின்றது. உள்ளே செல்ல வழி தெரியவில்லை. மதில்மேல் ஏறியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிரித்துக்கொண்டே உட்புறம் குதித்து மாய்கின்றனர். கீழே நீர்நிலையும் அழகிய மங்கையரும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகின்றது. முதியவர் மட்டும் இறைமறையை ஓதியபடி ஏறுகின்றார், மாயத்தோற்றம் கலைகின்றது.

பட்டணத்தின் கடைவீதியில் வணிகர்கள் அமர்ந்தபடியே இறந்து கிடக்கின்றனர். அரண்மனைக் கட்டிலில் அரசி உயிருள்ளவள் போல் காணப்படுகின்றாள். அவளுடைய கண்களில் பாதரசம் மின்னுகின்றது. அருகே ஒரு பலகை. ஏழாண்டுகள் மழை பொய்த்ததையும், முத்தையும் பொன்னையும் நாடெங்கும் கொடுத்தனுப்பியும் உணவு கிடைக்காததையும், கதவடைத்து மரணத்தை எதிர்நோக்கியதையும் அது கூறுகின்றது. வேண்டிய செல்வத்தை எடுத்துச் செல்லுங்கள், என் மேனியில் உள்ளவற்றை மட்டும் தொடாதீர்கள் என்றும் வேண்டுகின்றது. பிணத்துக்கு எதற்கு இரத்தினம் என்று தாலிப் கை நீட்டுகின்றான். காவல் நின்ற பாவைகள் அவனை அக்கணமே வெட்டி வீழ்த்துகின்றன.

செம்புக் குடங்கள் திமிஷ்குக்கு வந்து சேருகின்றன. திறந்தவுடன் ஜின்கள், ஆண்டுகள் கழிந்ததை அறியாமல், நபி சுலைமான் இன்னும் இருப்பதாக எண்ணித் தவ்பாச் செய்து கூவுகின்றன. ஆனால், தேடியதைக் கொண்டுவந்து வெற்றி பெற்ற மூஸா பதவியைத் தம் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இறைவணக்கத்தில் எஞ்சிய நாளைக் கழிக்க பைத்துல் முகத்தஸ் செல்கின்றார். வரலாற்று மூஸாவின் முடிவு வேறு. கதை மூஸாவின் முடிவு இது. பட்டணத்திலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களுள் மிகப் பெரியது இம்மனமாற்றமே.

இக்கதையை நெய்வேலியில் இருந்துகொண்டு படிப்பவனுக்குச் சில வரிகள் அதிகமாகவே உறைக்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. பக்கெட் வீல் எந்திரம் மண்ணைக் கடித்துத் துப்புவதை முதன்முதலில் காணும் பிள்ளைகள் அதனை ஓர் இராட்சத விலங்கென்றே கருதுவர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு காத்திருக்கின்றது. அதனை இறைத்துக்கொண்டே இராவிடில் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்துவிடும். வெட்டிக் குவித்த பழுப்பு நிலக்கரியோ, கவனிப்பாரின்றிக் கிடந்தால் தானே தீப்பற்றிக்கொள்ளும். முத்திரையிட்ட குடத்தைத் திறந்தவன் அதனைக் காத்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது சுரங்கத் தொழிலாளி ஒவ்வொருவனும் அறிந்த பாடம்.

இந்தக் குடத்தால் தமிழகத்து வீடுகளில் விளக்கெரிந்தது. என் பிள்ளைகள் படித்ததும் அந்த ஊதியத்தால்தான். அதே வேளையில், நிலமும் ஊரும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல. 2023 சூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே கண்டது. அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அரசியின் பலகைதான். நெல்லுக்கு முத்து ஈடாகாத நாள் ஒன்று வரக்கூடும் என்று ஒரு மாயக்கதை என்றோ எழுதி வைத்துவிட்டது.

ஆதலின், பெற்றோர்க்கு யான் கூறுவது இதுவே. எல்லா மாயக்கதைகளும் நல்லவை அல்ல. ஆற்றலைப் பெறுவதையே இன்பமாகக் காட்டி, அதற்குரிய விலையை மறைக்கும் கதைகளும் உள்ளன. சூனியத்தை விளையாட்டாகக் கற்றுக்கொடுக்க முனையும் நூல்களும் உள்ளன. அவற்றை விலக்குங்கள். எனினும், அட்டைப்படத்தில் நாகம் இருக்கின்றது என்பதற்காக நூலைப் பறித்துவிடாதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, பயணம் போனவன் எதைத் தேடிப் போனான், எதனோடு திரும்பினான் என்று கேளுங்கள். அந்தச் சிறுமி தந்தையாருக்குச் சொன்னது போன்ற விடை வருமாயின், அந்நூல் தன் கடமையைச் செய்துவிட்டது. அவள் படித்த நாகமும் தாமிரப் பட்டணத்து இரத்தினமும் ஒரே சோதனையைத்தான் வைத்தன.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அதனைத் தள்ளிப்போட நேரமில்லை. அரபுத்தமிழ் எழுத்தைச் சரளமாக வாசிப்போர் நம்மிடையே அருகி வருகின்றனர். வீட்டுக்குள் இருந்தபடியே பெண்கள் படித்தறிய உதவிய எழுத்து அது. பரணிலும் பெட்டியிலும் அரபு எழுத்தில் பழைய நூல் ஏதேனும் கிடந்தால், இன்னதென்று அறியாமல் புதைத்துவிடாதீர்கள், கரையானுக்கும் விட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அவரை அணுகி வாசிக்கச் செய்து, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்துங்கள். முடிந்தால் அக்குரலைப் பதிவு செய்து, தமிழெழுத்தில் பெயர்த்தும் வையுங்கள். சென்ற ரமலானில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தாமிரப் பட்டணத்தை ஐந்து மாலைகளில் சொல்லி முடித்தேன். மதிலிலிருந்து மனிதர்கள் குதிக்கும் இடம் வந்தபோது ஒரு சிறுவன் எழுந்து நின்றேவிட்டான். அடுத்த கதை எப்போது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள். அடுத்த கதை உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கலாம். இன்றே திறந்து பாருங்கள்.