ஒருநாள் விட்டு ஒருநாள்

ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் 1996இல் புதியவர்களுக்கென வகுத்த ஒன்பது வார ஓட்டப் பயிற்சியின் முதல் வாரம், 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறிமாறி 20 நிமிடங்கள் செல்வது. அதுவும் வாரத்தில் மூன்று நாட்களே. எஞ்சிய நான்கு நாட்கள் உற்சாகம் மிக்கவருக்குச் சோம்பலாகத் தோன்றலாம். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுபவருக்கு அந்தக் கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கு ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே நெடுநாள் வழக்கம். மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் பட்டை சாய்வாக, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் அளவே சீவப்பட, பால் சில மணிநேரம் சிரட்டையில் வடிந்து, பின் வெட்டுவாயில் தானாகவே உறைந்து நின்றுவிடுகிறது. கத்தி சற்று ஆழ்ந்து, புதிய பட்டையைப் பிறப்பிக்கும் மெல்லிய வளர்படையைத் தொட்டுவிட்டால், அவ்விடம் முடிச்சு முடிச்சாகவே ஆறும். இழந்த பால் ஓரிரு நாளில் ஊறிவிடும். சீவிய பட்டை மீண்டும் வெட்டத்தக்க தடிப்பை அடையப் பல ஆண்டுகள் செல்லும். பேராசையோடு நாள்தோறும் வெட்டப்படும் மரம் பட்டை வறண்டு, பால் தருவதையே நிறுத்திவிடக்கூடும்.

ஓடத் தொடங்கியவரின் உடலிலும் குருதியின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே பெருகுகிறது. தசைக் கலங்களில் ஒட்சிசனைக் கொண்டு சக்தியை ஆக்கும் இழைமணிகள் சில வாரங்களில் மிகுகின்றன. எலும்போ புதிய பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது. கரைப்பது சில வாரங்களில் முடிய, கட்டுவதற்கு மாதங்கள் பிடிப்பதால், இடைக்காலத்தில் அவ்விடம் வலுக்குன்றியே இருக்கும். மூச்சு தாராளமாக அனுமதி வழங்கிவிட்ட அந்த வாரங்களில்தான், தூரத்தை அவசரமாகக் கூட்டியவரின் கணைக்கால் எலும்பில் நோவும், சிலவேளை மெல்லிய வெடிப்பும் தோன்றுகின்றன.

இறக்கம் வேறு வழக்கு. பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் சென்று திரும்புவோர் மறுநாள் தொடை வலிக்கு ஏற்றத்தையே திட்டுவதுண்டு, அது அநியாயம். இறங்கும்போது தொடைத் தசை இறுகியபடியே நீள்வதால் அதன் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, வலி இரண்டாம் நாளளவில் உச்சமடைகிறது; சில வாரங்களுக்குள் மீண்டும் இறங்கினால் வெகுவாகக் குறைகிறது. இரத்தினபுரி மலைகளில் கொழுந்துப் பாரத்தோடு நாள்தோறும் நிறுவைக்கு இறங்கும் பெண்களின் தொடைகள், எவரும் அட்டவணை போட்டுக் கொடுக்காமலே இப்பாடத்தை முடித்துவிட்டன.