நீல் பேர்ட்டின் குளிர்ந்த கை

ரஷ் ராக் குழுவின் டிரம்மரும் பாடலாசிரியருமான நீல் பேர்ட் 2020 ஜனவரி 7ஆம் தேதி, 67 வயதில், மூளைப் புற்றுநோயால் இறந்தார். வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவருடைய கைவேகத்தைத்தான் புகழ்ந்தன. ‘கணக்குப் போட்டு அடிப்பவர், மனசில்லாத இசை’ என்ற பழைய புகாரும் கூடவே இருக்கிறது. இரண்டுக்கும் பதில் 1984இல் ரஷ் குழு வெளியிட்ட ‘ரெட் செக்டர் ஏ’ பாட்டில் கிடைக்கும். டொராண்டோவின் வில்லோடேலில் வளர்ந்தவர் குழுவின் பாடகர் கெடி லீ. அவருடைய பெற்றோர் நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். 1945இல் பெர்கன்-பெல்சன் முகாம் விடுவிக்கப்பட்டபோது, வெளியே ஓர் உலகம் மிஞ்சியிருக்கிறது என்பதையே அவருடைய தாயாரால் நம்ப முடியவில்லை. மகன் சொன்ன அந்த நினைவிலிருந்து வரிகளை எழுதியவர் பேர்ட். பாட்டில் பேஸ் கிட்டார் கிடையாது. கீபோர்டுக்கு அடியில் மின்னணு டிரம்ஸ் இரக்கமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இயந்திரத்தனம்தான் பயமே. அழுது வடிந்திருந்தால் கெட்டிருக்கும்.

தன்னலத்தையே அறமாகப் போற்றிய எழுத்தாளர் அயன் ராண்டைக் கொண்டாடியவருக்கு முகாமில் அடைபட்டவர்களின் வலி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். 1976இல் ‘2112’ இசைத்தட்டில் ராண்டின் மேதைமைக்கு மரியாதை செலுத்தியது உண்மை, மழுப்ப வேண்டியதில்லை. பின்னாளில் அந்தப் பிடியிலிருந்து விலகிவிட்டதாகப் பேட்டியில் அவரே சொன்னார். எப்படியும், ‘ரெட் செக்டர் ஏ’யில் கொள்கை பேசவில்லை, கம்பி வேலிக்குள் நிற்கும் ஒருவர்தான் பேசுகிறார். இடத்தின் பெயரோ இனத்தின் பெயரோ இல்லை. அதனால்தான் 2009இல் இலங்கையில் போரில் இடம்பெயர்ந்த தமிழர்கள் அடைத்துவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.