போடிமெட்டும் ஒரு மாதிரி ரயிலும்

போடிமெட்டுக்குச் செல்லும் அன்பர்கள், தேநீர் பருகியதும் மூணாறு வண்டியைப் பிடிக்க விரையாமல், கிழக்கு விளிம்பில் சற்று நிற்க வேண்டுகிறோம். இடுக்கி ஏலமலை முதுகுப்புறம் இருக்க, கீழே போடிநாயக்கனூர்ச் சமவெளி மேசைமீது பரப்பியதுபோல் கிடக்கிறது. மாதிரி ரயில் அமைக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரைபடம் வேண்டுவதில்லை.

1951 ஏப்ரல் 14ஆம் நாள் தென்னிந்திய ரயில்வே, சென்னை–தென் மராத்தா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. அந்நாளைக் காட்ட எண்ணுவோர் எல்லா வண்டிகளையும் ஒரே தண்டவாளத்தில் ஓட்டிவிடலாகாது. பெயர் இணைந்ததேயன்றிப் பாதையின் அகலம் இணையவில்லை. அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதை 1,000. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் முன்னது 19ஐச் சற்றே கடக்கும், பின்னது 11½. எனவே இருவகைத் தண்டவாளமும், இடையே மூட்டை மாற்றும் மேடையும் வேண்டும்.

போடிக்கோ அன்று தண்டவாளமே இல்லை! 1928இல் வந்த மீட்டர் பாதையை உலகப் போருக்கெனப் பெயர்த்தனர். மீண்டும் இட்டது இணைப்புக்குப் பின்னர்தான். ஆதலால் 1951 மாதிரியில் போடி நிலையத்தின் முன் வெறும் மண்மேடே பொருந்தும். ஏலக்காய் மூட்டைகள் லாரியில் போகட்டும்.

அம்மீட்டர் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. 2023 ஜூன் 15 முதல் போடிக்கு அகலப்பாதையில் வண்டி வருகிறது. பெற்றோர் ஏறிச் சென்ற சிறு வண்டியைப் பிள்ளைகள் இனி மேசைமீதுதான் காண இயலும். அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும்.