வெள்ளவத்தையா, தெகிவளையா?

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும், மலைநாட்டிலிருந்தும், உத்தியோகத்தின் பொருட்டோ பிள்ளைகளின் படிப்பின் பொருட்டோ கொழும்புக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தினர் பலரை ஒரு கேள்வி எதிர்கொள்கின்றது. வீட்டை வெள்ளவத்தையில் பார்ப்பதா, தெகிவளையில் பார்ப்பதா என்பதே அது. இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். காலி வீதியும் கரையோரப் புகையிரதப் பாதையும் இரண்டினூடாகவும் செல்கின்றன. 100ஆம் இலக்கப் பஸ் வண்டியில் ஏறிச் சிற்றுண்டிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து உண்டு முடிப்பதற்குள் ஓரூரைக் கடந்து மற்றையதை அடைந்து விடலாம். எனினும் குடும்ப வாழ்க்கையைப் பொறுத்தமட்டில் இவை இரண்டும் வேறுவேறானவை.

வெள்ளவத்தை கொழும்பு மாநகரசபையைச் சேர்ந்தது. கொழும்பு 6 என்பது அதன் தபால் இலக்கம். தெகிவளையோ தெகிவளை - கல்கிசை மாநகரசபையின் ஆட்சிக்கு உட்பட்டது. எல்லையைக் கடந்தால் வரி செலுத்தும் கந்தோர் மாறும். குப்பை வண்டி வரும் நாள் மாறும். ஆனால் குடும்பங்களை அலைக்கழிக்கும் வேறுபாடு இதுவன்று.

வெள்ளவத்தையின் பெருஞ்சிறப்பு, வேண்டியன யாவும் கால்நடைத் தூரத்தில் இருப்பதேயாகும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், முன்னர் 57ஆம் ஒழுங்கை எனப்பட்ட சங்கம் ஒழுங்கையிலே தன் நூலகத்துடன் விளங்குகின்றது. இராமகிருஷ்ண மிஷன் இங்குண்டு. பெண் பிள்ளைகளுக்குச் சைவ மங்கையர் வித்தியாலயம் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு அடுத்துள்ள பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரி உண்டு. கோயிலும் அயலிலேயே உண்டு. சந்தைக்குப் போனால் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கேட்டு வாங்கலாம். அதையும் தமிழிலேயே கேட்கலாம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடந்தால், கேட்பவை தமிழ்க் குரல்களே. கோயில் உள்ள ஊரிலே குடியிருக்க வேண்டும் என்ற நம் முன்னோர் வழக்கைக் கைக்கொள்வோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இவ்வசதிக்கு விலையுண்டு. முன்னாளில் வளவும் மாமரமுமாய் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாய் இடிபட்டுத் தொடர்மாடிகளாய் எழுந்துவிட்டன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்ற நிலத்திலும் இன்று வானளாவிய மாடிகளே நிற்கின்றன. மூன்று அறையுள்ள மாடி வீட்டின் வாடகை நடுத்தரச் சம்பளக்காரரின் மாதவருவாயில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றது. பிள்ளைகள் விளையாடுவதற்கு வண்டிகள் நிறுத்துமிடமே முற்றம். மின்தூக்கி பழுதுற்ற நாளில் ஐந்தாம் மாடியிலுள்ள முதியோர் சிறைப்பட்டவராவர்.

தெகிவளையின் இயல்பு வேறு. காலி வீதியின் இரைச்சலை விட்டு ஹில் வீதி வழியே உள்ளே சென்றால், இன்னமும் மதில் சூழ்ந்த தனி வீடுகளைக் காணலாம். அதே வாடகைக்கு ஓர் அறை கூடுதலாகவும், செவ்வரத்தை நாட்டச் சிறிது நிலமும் கிடைக்கக்கூடும். 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்ற மிருகக்காட்சிசாலை இங்கேதான் உள்ளது. நெடுமாலில் விஷ்ணு ஆலயம் உண்டு. பள்ளிவாசல்களும் விகாரைகளும் உண்டு. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே ஒழுங்கையில் கலந்து வாழ்கின்றனர். குறைகளும் இல்லாமலில்லை. கால்வாயை அண்டிய தாழ்ந்த நிலங்களிலே பெருமழைக்கு நீர் தேங்கும். நூலகத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் பஸ் ஏறவேண்டும். காலையிலும் மாலையிலும் காலி வீதியிற் சேரும் வாகன நெரிசலோ சொல்லுந்தரமன்று.

சிறு பிள்ளையுள்ள பெற்றோர் இன்னுமொன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்குப் பெரும்பங்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. முந்திய ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்டே வசிப்பிடம் நிரூபிக்கப்படுகின்றது. பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தபின் வீடு தேடுவோர் பிந்தியவராவர்.

எம் வீட்டிலும் இவ்விவாதம் பல நாள் நிகழ்ந்தது. உறவில் மூத்த மாமா ஒருவர் வெள்ளவத்தைக் கட்சி. "தம்பி, காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை; எங்கட சனத்துக்குள்ள இருக்கிறதுதான் பாதுகாப்பு" என்பது அவர் வாதம். எம் தாயாரோ தெகிவளைக் கட்சி. "மோனை, விடியக் கூட்டித் தண்ணி தெளிக்க ஒரு முற்றம் இல்லாத வீடும் வீடே?" என்று கேட்டார்.

மாமாவின் சொல்லை எளிதில் ஒதுக்கிவிட எம்மால் இயலவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு தலைமுறையின் துயரம் நிற்கின்றது. 1983 யூலையில் கொழும்புத் தமிழர் வீடிழந்து, உற்றாரை இழந்து, அகதி முகாம்களை அடைந்து, அங்கிருந்து கப்பல்களிலே வடக்கே அனுப்பப்பட்ட வரலாற்றைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தெகிவளைக்கும் அதன் துயரம் உண்டு. 1996 யூலை 24ஆம் நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய மக்கள் நிறைந்த புகையிரதத்திலே தெகிவளை நிலையத்தில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆயினும் 1983இன் பாடத்தை முழுவதுமாகப் படித்தல் வேண்டும். அன்று தமிழர் செறிந்து வாழ்ந்த வெள்ளவத்தையே பெரிதும் எரிந்தது. வந்தோர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன; செறிவு அரணாகவில்லை. உயிர் தப்பியோரிற் பலர், அடுத்த வீட்டுச் சிங்களவரோ முஸ்லிமோ பறங்கியரோ தம் அறைக்குள் மறைத்து வைத்தமையால் தப்பியவர்கள். ஊர் காவாதபோது, மதிலுக்கு அப்பாலிருந்து பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு மனிதரே காத்தார். இன்றைய தொடர்மாடியிலோ எதிர்க் கதவுக்குள் வாழ்பவர் எவரென அறியாமலே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இவ்வெண்ணமே எமது முடிவைத் தீர்மானித்தது. தெகிவளையில் உள்ளொழுங்கையொன்றில், சிறு முற்றத்தோடு கூடிய பழைய வீட்டை எடுத்தோம். தாயார் விடியலில் முற்றம் கூட்டுகிறார். வாயிற்கதவடியிலே அயல்வீட்டுச் சிங்கள அம்மையாரோடு, இருவருக்கும் பாதி மட்டுமே விளங்கும் மொழியில், கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி உரையாடுகிறார். பிள்ளைகள் எந்த வகுப்புக்கும் செல்லாமலே சிங்களம் பேசப் பழகிவிட்டனர். தமிழை மட்டும் நாமே முயன்று ஊட்டவேண்டியுள்ளது. ஆதலின் சனிக்கிழமைதோறும் வெள்ளவத்தை சென்று நூலகமும் கோயிலும் சந்தையும் கண்டு மீள்கின்றோம். பஸ்ஸில் நின்றபடி மரக்கறிப் பையையும் புத்தகப் பையையும் சுமந்து வரும்போது, மாமா சொன்னதிலும் நியாயமுண்டென்று எமக்குத் தோன்றுவதுண்டு.

இதனால் எல்லோரும் தெகிவளைக்கே செல்க என்று கூறுகின்றோமல்லோம். தாயும் தந்தையும் இருவருமே வேலைக்குச் சென்று இரவில் மீளும் வீட்டிலே, வளர்ந்த மகள் மாலை வகுப்பு முடிந்து தனியே நடந்து வரவேண்டுமாயின், விளக்கொளி மிக்க வெள்ளவத்தையே தக்கது. வீட்டிலுள்ளோருள் வாகனம் ஓட்ட முடியாதவர் எவர், அவர் நாள்தோறும் எங்கே செல்லவேண்டியவர் என்பதை முதலிற் கணக்கிடுக. குழந்தையின் காலும் கிழவியின் காலும் அளக்கும் தூரமே உண்மையான தூரம்.

வீடு பார்க்கச் செல்வோர் ஒருமுறை மட்டும் சென்று முற்பணம் கொடுத்துவிடற்க. பள்ளிக்கூடம் தொடங்கும் வேளையில் ஒருமுறை, பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை என மும்முறை சென்று காண்க. மூன்றாம் முறை செல்லும்போது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, நாம் இங்கு குடிவர எண்ணுகிறோம் என்று சொல்லுக. அவ்வீட்டார் கதவைத் திறக்கும் விதத்திலே, வெள்ளவத்தையாயினும் தெகிவளையாயினும், நீங்கள் அறியவேண்டியதிற் பாதி விளங்கிவிடும்.