ஸ்பீக்கர்ல போடும்மா

எங்கள் வகுப்பில் மூன்று விஜயலட்சுமிகள். வருகைப் பதிவேட்டில் எஸ்., கே., டி.ஆர். என்று இனிஷியலை வைத்துப் பிரித்திருந்தார்கள். நாங்களும் எஸ் விஜி, கே விஜி, டிஆர் விஜி என்றே கூப்பிட்டோம். 1970இல் படிப்பு முடிந்தது. அடுத்தடுத்து மூவருக்கும் கல்யாணமாகி இனிஷியல் மாறியது, ஊர் மாறியது, விலாசமும் மாறியது. அதற்கப்புறம் ஒரு விஜயலட்சுமியை எங்கே போய்த் தேடுவது? என் வீட்டுக்காரருக்குக் கல்லூரி நண்பர்களின் தொடர்பு விட்டுப்போகவே இல்லை என்று ஒரே பெருமை. அவர்கள் எல்லோருக்கும் அப்பா கொடுத்த இனிஷியல் அப்படியே இருக்கிறது, பாதிப்பேருக்கு அப்பா கட்டின வீடும் இருக்கிறது. எப்படி விட்டுப்போகும்?

நாங்கள் படித்தது ராணி மேரிக் கல்லூரி, தாவரவியல். 1914இல் தொடங்கிய கல்லூரி அது, சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. ரோட்டைத் தாண்டினால் மெரினா. நாங்கள் சேர்ந்தபோது மெட்ராஸ் ஸ்டேட்டாக இருந்தது. வெளியே வரும்போது தமிழ்நாடு. 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டுக்காகக் கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அண்ணாவை அங்கே அடக்கம் செய்தபோது வந்த கூட்டத்தைப் போல நான் அப்புறம் பார்த்ததே இல்லை. ஆனால் இப்போது பேச உட்கார்ந்தால் இதெல்லாம் யார் வாயிலும் வருவதில்லை. தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவி, சேஃப்ரனின் சாயத்தில் போட்டு எடுத்து, நாலு நாள் போகாத அந்தச் சிவப்பு விரலோடு பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தவளைப் பற்றித்தான் பேச்சு. “மருதாணியா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாளாம். “இல்லை, சூரியகாந்தித் தண்டு” என்றாளாம் இவள்.

எங்கள் பேச்சுக்கு நடுவில் எப்போதும் ஒரு மூன்றாம் ஆள் உண்டு. லீவில் வரும் இன்லண்ட் லெட்டரை அப்பா பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். கல்யாணத்துக்கப்புறம் அந்தப் பொறுப்பு மாமியாருக்குப் போனது. அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் என்னையே உரக்கப் படிக்கச் சொல்வார். நான் பாதியைப் படிப்பேன், மீதியை இட்டுக்கட்டுவேன். தோழிகளும் விவரமானவர்கள். “ரசத்தில் புளி தூக்கல்” என்று எழுதியிருந்தால் புருஷனோடு மனஸ்தாபம். “பால் பொங்கிவிட்டது” என்றால் என்ன என்பதைச் சொல்ல மாட்டேன், சம்பந்தப்பட்டவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். டிரங்க் கால் போட்டால் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் காது கொடுத்துக்கொண்டிருப்பார். மூன்று நிமிஷம் முடிந்ததும் குறுக்கே வந்து சொல்வார். குழந்தைகள் பிறந்து, பள்ளிக்கூடம், டிபன் பாக்ஸ் என்று ஆனபின் கடிதமும் நின்றது. ஆண்டுக்கணக்கில் ஒருத்தி எங்கிருக்கிறாள் என்று இன்னொருத்திக்குத் தெரியாது.

எங்களை மறுபடி சேர்த்துவைத்தது அரசாங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். 2003இல் ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவிகள் போராடினார்கள். பழைய மாணவிகளும் போய் நின்றோம். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி பிழைத்தது. அந்த வெயிலில் வாசலில் குடை பிடித்து நின்ற நரைத்த தலைகளில் ஒன்று என்னைப் பார்த்து, “ஏண்டி, நீ இன்னும் அதே மாதிரி கோணலாத்தான் நிக்கிறியா?” என்றது. டிஆர் விஜி. ஐம்பது வயதுக்குமேல் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட அப்போது அம்மா மட்டும்தான் மிச்சம். இப்போது அம்மாவும் இல்லை.

ஒருத்தி மூலம் இன்னொருத்தி என்று ஆள் சேர்த்தோம். வாட்ஸ்அப் வந்தபின் ஒரு குழுவும் வந்தது. ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிறவர்களை என் பேத்தி கேலி செய்கிறாள். எனக்கும் அந்த ரோஜா பிடிக்காது, உண்மையைச் சொன்னால் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. யார் அனுப்பவில்லை என்பதை மட்டும் பார்த்துவைத்துக்கொள்வேன்.

எழுத்தைவிடப் பேச்சுதான் எங்களுக்குத் தோது. ஆனால் காது ஒத்துழைப்பதில்லை. வயதானால் முதலில் கேட்காமல் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். ச, ஸ எல்லாம் அதில் சேர்த்தி. பழைய தொலைபேசி இணைப்போ 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டுத்தான் அனுப்பும். ஆக, ஏற்கெனவே குறைந்த காதுக்குக் குறைந்த சத்தம். நான் “சுகர் எவ்வளவு?” என்றால் அங்கே “ஊர் எவ்வளவு தூரமா?” என்று பதில் வரும். அதனால் மருமகளைக் கூப்பிட்டு, “ஸ்பீக்கர்ல போடும்மா” என்று சொல்லவேண்டியிருக்கிறது. வீடு முழுக்கக் கேட்கும். மூன்றாம் ஆள் திரும்ப வந்தாயிற்று. மருமகளைப் பற்றி மருமகள் எதிரிலேயே எப்படிப் பேசுவது? ரசத்தில் புளி மறுபடி தூக்கலானது.

இந்த எரிச்சலை மாற்றியது கே விஜியின் சாவு. அவள் பிறந்தநாளுக்கு எல்லோரும் வாழ்த்து அனுப்பியிருந்தோம். ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றது. ஊருக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் அவள் எண்ணிலிருந்தே, “அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி, இப்பத்தான் போனை சார்ஜ் போட்டேன்” என்று மகன் எழுதினான். காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவன்மேல் தப்பில்லை. யாருக்குச் சொல்வதென்று அவனுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே ஒவ்வொருத்தியிடமும் வீட்டில் இருப்பவர் எண்ணை வாங்கி எழுதிவைத்தேன். மகன், மகள், மருமகள், ஒருத்திக்குக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணின் எண். மகனைவிட மருமகள் எண்தான் உபயோகம், எடுக்கிறாள்.

டிஆர் விஜிக்கு இப்போது மறதி நோய். சில நாள் நான் யார் என்று தெரிகிறது, சில நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மருமகள்தான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறாள். விஜி தூங்கிவிட்டாலும் வைப்பதில்லை. அத்தை வகுப்பில் எப்படி, கோபம் வருமா, பாடுவாங்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். போன வாரம், பிராக்டிகலுக்கு மட்டம் போட்டுவிட்டு நாங்கள் ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்க்கப் போன கதையைச் சொன்னேன். “எங்க அத்தையா? என்னை ஒரு படத்துக்கு விட்டதில்லையே!” என்று அவள் கத்திய கத்தலில் விஜி விழித்துக்கொண்டாள். டிக்கெட் நான்தான் எடுத்தேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து தெளிவாகக் குரல் வந்தது: “பொய் சொல்றா. காசு என்னுது.”